விற்றவனும் கற்பித்தவனும்

2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசியில் ஒரு நாள் மாலை என் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வாசற்படியில் கால் வைக்கும்போதே ஏதாவது வேடிக்கையாகப் பேசிக்கொண்டு நுழைகிறவர், அன்று ஒன்றும் பேசாமல் வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். காப்பி கொடுத்தேன். அதையும் பேசாமலே குடித்தார். நெருங்கிய உறவினர் யாரோ காலமாகிவிட்டார் போலும் என்று எண்ணி, "என்ன சமாசாரம்? ஏன் ஒரு மாதிரியாக இருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"ஐ.பி.எம். சீனாவில் இருந்த ஆராய்ச்சிப் பிரிவை மூடிவிட்டதாம், சார். ஆயிரம் பேருக்கு மேல் வேலை போயிற்று" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அமெரிக்கக் கம்பெனி ஒன்று சீன தேசத்தில் ஓர் அலுவலகத்தை மூடினால், அதற்காக மாம்பலத்தில் பென்ஷன் வாங்கும் ஒருவர் துக்கம் கொண்டாடுவதா? ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். மனிதனுடைய துக்கங்களுக்குப் பூகோளம் கிடையாது என்பது கதை எழுதுகிறவனுக்குத் தெரியாத விஷயமா, என்ன?

நண்பருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இளமையில் அவர் ஐ.பி.எம். 1401 என்ற கணிப்பொறியோடு காலம் தள்ளியவர். அறை நிறைய அடைத்துக்கொண்டு நிற்கும் யந்திரம் அது. துளையிட்ட அட்டைகளை அதற்கு ஊட்ட வேண்டும். அந்த அட்டைகளில் ஒன்றைத்தான் இன்றைக்கும் அவர் படிக்கிற புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்துக்கொள்கிறார். அந்நிய நாட்டுக் கம்பெனிகள் தங்கள் பங்கை 40 சதவீதமாகக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று 1973-இல் இந்திய அரசு ஒரு சட்டம் செய்தது. ஐ.பி.எம். அதற்கு இணங்கவில்லை. 1978-இல் நம் நாட்டை விட்டுப் போய்விட்டது. யந்திரங்கள் மட்டும் இங்கேயே தங்கின. அவற்றைப் பழுது பார்த்துக் காப்பாற்றுகிற பொறுப்பு நம் ஆட்களின் தலையில் விழுந்தது. அப்படிப் பொறுப்பேற்றவர்களில் என் நண்பரும் ஒருவர். கம்பெனி தம்மைக் கைவிட்டுப் போனபோதுகூட அவருக்குக் கோபம் வரவில்லையாம். "நல்ல யந்திரம் செய்தவன், நமக்குத் தொழில் காட்டியவன்" என்பார். அந்த மரியாதை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் குறையவில்லை.

"நன்றி கெட்டவர்கள், சார்!" என்றார் திடீரென்று. "யார் கற்றுக்கொடுத்தது அவர்களுக்கு? கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று காட்டியது யார்? கம்பெனி நடத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தது யார்? எல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, 'நீ வேண்டாம், போ' என்றால் இது என்ன நியாயம்?"

அவர் போன பிறகும் அந்தக் கேள்வி என்னோடு தங்கிவிட்டது. நம்மிடம் கற்றவன் நம்மைத் தாண்டிப் போய், நாம் தேவையில்லை என்று ஆக்கிவிட்டால், அவன் நமக்குத் துரோகம் செய்தவனா? இது ஒரு கம்பெனியின் வியாபாரப் பிரச்சினை மட்டும் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அதற்கு என் சொந்த வாழ்க்கையிலும் ஒரு காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கம்பெனியின் கதையைப் பார்ப்போம்.

ஐ.பி.எம்.முக்கும் சீனாவுக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதல்ல. 1934-லேயே அந்தக் கம்பெனியின் யந்திரம் ஒன்று பீக்கிங் நகரத்து மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் வைக்கப்பட்டது. பிறகு யுத்தம், புரட்சி, முப்பது ஆண்டுத் தனிமை. 1979-இல் சீனா கதவைச் சற்றே திறந்தபோது, ஷென்யாங் நகரத்தில் பெரிய காற்றூதிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஐ.பி.எம். கணிப்பொறி மீண்டும் காலடி வைத்தது. 1992-இல் சீனாவிலேயே தன் கம்பெனியை நிறுவிக்கொண்டது. 1995-இல் பீக்கிங்கில் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றையும் திறந்தது. கெட்டிக்காரப் பிள்ளைகள் அந்தக் கம்பெனியின் வேலைக்காகத் தவம் கிடந்த காலம் அது.

இதற்கிடையில், 1984-இல், சீன விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பொறி நிலையத்தில் வேலை பார்த்த லியு ச்சுவான்சி என்பவர், தம் சகாக்கள் பத்துப் பேருடன் சேர்ந்து ஒரு சிறு வியாபாரம் ஆரம்பித்தார். முதலீடு 2 லட்சம் யுவான். அலுவலகமோ, நிலையத்தின் காவற்காரனுக்கென்று கட்டியிருந்த ஒரு சிறு வீடு. ஆரம்பத்தில் டெலிவிஷன் பெட்டிகள் வாங்கி விற்கப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டார்கள். பிறகு பிறர் செய்த கம்ப்யூட்டர்களை விற்றார்கள். கம்ப்யூட்டர் சீன எழுத்தைப் புரிந்துகொள்வதற்கு ஒரு சாதனம் செய்து விற்றார்கள். ஐ.பி.எம். தன் ஏஜெண்டுகளுக்காக நடத்திய கூட்டம் ஒன்றுக்கு லியு முதன்முதலாகப் போனபோது, தம் தகப்பனாருடைய பழைய கோட்டை அணிந்துகொண்டு போய், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். இந்தக் கம்பெனியின் வியாபாரத்தை நாம் ஒரு நாள் வாங்குவோம் என்று கனவில்கூட நினைத்ததில்லை என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

ஆனால் வாங்கினார். 2004 டிசம்பரில் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. 2005 மே மாதத்தில் ஐ.பி.எம்.மின் சொந்தக் கம்ப்யூட்டர் வியாபாரம் முழுவதும், லியுவின் 'லெனோவோ' கம்பெனிக்குக் கைமாறியது. விலை ரொக்கமும் பங்குமாக 125 கோடி டாலர். அதற்கு மேல் 50 கோடி டாலர் கடனையும் லெனோவோ ஏற்றுக்கொண்டது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஆள் மேடைக்கே வந்துவிட்டார்!

இந்தக் கைமாற்றத்துக்கு என் மேஜை மேலேயே ஒரு சாட்சி இருக்கிறது. நான் முதன்முதலில் வாங்கிய மடிக் கம்ப்யூட்டர் கறுப்பு நிறம். எழுத்துப் பலகையின் நடுவே சிவப்பாக ஒரு குமிழ். மூடியின் மூலையில் ஐ.பி.எம். என்ற மூன்று எழுத்துகள். சில ஆண்டுகள் கழித்து அது ஓய்ந்துபோனதும் அதே மாதிரி இன்னொன்று வாங்கினேன். அதே கறுப்பு, அதே சிவப்புக் குமிழ், விரலுக்குப் பழகிய அதே பொத்தான்கள். ஆனால் மூடியில் அந்த மூன்று எழுத்துகளைக் காணோம். லெனோவோ என்று இருந்தது. கடைக்காரரிடம் "இது போலியா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். உடம்பு அப்படியே இருக்கப் பெயர் மட்டும் மாறுவது மனிதர்களுக்கும் நேர்வதுதான் என்று சமாதானம் செய்துகொண்டு வாங்கி வந்தேன். இந்தக் கட்டுரையையும் அதன் வம்சத்தில் வந்த ஒன்றில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். 2013-இல் லெனோவோ உலகத்திலேயே மிக அதிகமான சொந்தக் கம்ப்யூட்டர்களை விற்கும் கம்பெனி ஆகிவிட்டது.

இது யந்திரம் விற்ற கதை. பாடம் சொல்லிக்கொடுத்த கதை ஒன்றும் உண்டு. 1987-இல் ஷென்ஷென் நகரத்தில் ரென் செங்ஃபெய் ஆரம்பித்த 'ஹுவாவே' கம்பெனி பத்து ஆண்டுகளில் மிக வேகமாக வளர்ந்துவிட்டது. ஆனால் வளர்ச்சிக்கு ஏற்ற ஒழுங்கு இல்லை. 1997 கடைசியில் ரென் அமெரிக்காவுக்குப் போய்ச் சில பெரிய கம்பெனிகளைப் பார்த்தார். அப்போது ஐ.பி.எம். மரண வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருந்த சமயம். 1993 என்ற ஒரே ஆண்டில் அதற்கு ஏறக்குறைய 800 கோடி டாலர் நஷ்டம். அந்த ஆண்டு தலைமைக்கு வந்த லூயிஸ் கெர்ஸ்ட்னர் அதைத் தூக்கி நிறுத்தினார். செத்துப் பிழைத்தவனிடம்தான் பாடம் கேட்க வேண்டும் என்று ரென்னுக்குத் தோன்றியிருக்க வேண்டும். 1998 முதல் ஐ.பி.எம்.மின் ஆலோசகர்கள் ஷென்ஷெனுக்கு வந்து ஆண்டுக்கணக்கில் தங்கி, புதுச் சரக்கை எப்படித் திட்டமிடுவது, செலவை எப்படிக் கணக்கிடுவது, ஓர் அறையில் நடப்பதை இன்னோர் அறைக்கு எப்படித் தெரிவிப்பது என்றெல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். தம் ஆட்கள் முணுமுணுத்தபோது, செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டிக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் ரென் கண்டிப்புக் காட்டினார். சீனத்தில் அது முட்டாள்தனத்தைக் கேலி செய்யும் பழமொழி. அதையே அவர் கட்டளையாக மாற்றிவிட்டார். அமெரிக்கச் செருப்பு, சீனக் கால். வலித்தாலும் நடந்து பழகு!

பழகிவிட்டார்கள். ஹுவாவே உலகத்தின் மிகப் பெரிய தொலைபேசிச் சாதனக் கம்பெனியாக வளர்ந்தது. இதற்கெல்லாம் தட்சிணையாக ஹுவாவே ஐ.பி.எம்.முக்குப் பெரும் தொகை கொடுத்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இனிப் பிரிவின் கதை. 'அலிபாபா' என்ற சீன வியாபாரக் கம்பெனி ஆரம்பத்தில் ஐ.பி.எம்.மின் விலையுயர்ந்த யந்திரங்களில்தான் தன் கணக்கையெல்லாம் வைத்திருந்தது. வாடிக்கைக்காரர்கள் கோடிக்கணக்கில் பெருகினார்கள். அத்தனை கூட்டத்துக்கும் அந்த யந்திரங்களையே வாங்கிக் கட்டுபடியாகாது என்று கண்டார்கள். ஒரு யானைக்குப் பதில் ஆயிரம் எறும்புகள் என்ற கணக்கில், மலிவான சாதாரண யந்திரங்களை ஆயிரக்கணக்கில் இணைத்து, அவற்றை ஆட்டுவிக்கும் சூத்திரத்தைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். 2013-இல் தங்களிடமிருந்த கடைசி ஐ.பி.எம். யந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டு, அமெரிக்க அரசு உலகத்தை ஒட்டுக்கேட்ட விவரங்களை எட்வர்ட் ஸ்நோடென் வெளியிட்டார். அதற்குப் பிறகு சீன வங்கிகளுக்கும் அரசாங்க ஸ்தாபனங்களுக்கும் அந்நிய யந்திரம் என்றாலே சந்தேகம் வந்துவிட்டது. 2014-இல் ஐ.பி.எம். தன் சிறு சர்வர் வியாபாரத்தையும் லெனோவோவுக்கே விற்றது. 2021 தொடக்கத்தில் பீக்கிங் ஆராய்ச்சிக்கூடம் மூடப்பட்ட செய்தி வந்தது. 2023-இல் சீனாவில் கம்பெனியின் வருமானம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அதற்கு அடுத்த ஆண்டு வந்ததுதான் என் நண்பரின் காப்பியைக் கசக்கச் செய்த செய்தி.

இத்தனையும் தெரிந்துகொண்ட பிறகு, நண்பர் கேட்ட கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வது?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று அவர் "நன்றி கெட்டவர்கள்" என்று சொன்னவுடன் என் மனம் "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டியது. அதற்குக் காரணம் சீனாவல்ல, ஓர் இளைஞர். இருபது ஆண்டுகளுக்கு முன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் வீட்டுக்கு வருவார். கையில் ஒரு கட்டுக் காகிதம் இருக்கும். கதையைப் படித்துக் காட்டுவார். நான் அடிப்பேன், திருத்துவேன், "கதையை ஒரு சாவில் தொடங்காதே, வாசகனுக்குச் செத்தவனைத் தெரியாது, அவன் ஏன் அழ வேண்டும்?" என்றெல்லாம் உபதேசம் செய்வேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். இன்றைக்கு அவர் பெயர் பெற்ற நாவலாசிரியர். என் புத்தகம் ஒன்று விற்கும் இடத்தில் அவருடையது பத்து விற்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருகை மாதம் ஒரு முறையாகி, வருஷம் ஒரு முறையாகி, பிறகு நின்றுவிட்டது. அவருடைய புதிய நாவல் வந்திருக்கிறது என்பதைக் கடையில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கையில் எடுத்தேன், வாங்காமல் வைத்துவிட்டு வந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் உங்களிடம் சொல்கிறேன்.

ஆகவே, நண்பரின் கேள்வியை நான் ஆராய்ந்தது ஒரு கம்பெனிக்காக மட்டுமல்ல.

மறுநாள் மாலை நண்பர் மறுபடியும் வந்தார். அவருடைய தங்கை பெண்ணும் உடன் வந்திருந்தாள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள், விடுமுறைக்கு வந்திருந்தாள். மாமாவின் புலம்பலைச் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மாமா, அவர்கள் ஓசியிலா கற்றுக்கொண்டார்கள்? காசு கொடுத்துத்தானே வாங்கினார்கள்? காய்கறிக்காரனிடம் கத்தரிக்காய் வாங்கிவிட்டு ஆயுசு முழுவதும் அவனைக் கும்பிடுவீர்களா?" என்றாள்.

"கத்தரிக்காயும் கல்வியும் ஒன்றா?" என்று சீறினார் நண்பர்.

அந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவில்தான் விடை இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

விற்பவனுடைய கணக்கு ஒவ்வொரு விற்பனையோடும் முடிந்துவிடுகிறது. பொருள் போயிற்று, பணம் வந்தது; இருவருக்கும் கடன் இல்லை. அடுத்த முறை வாங்குகிறவன் வரவேண்டுமானால், இவனிடம் அவனுக்கு வேண்டிய புதிய பொருள் ஒன்று இருக்க வேண்டும். இல்லையென்றால் அவன் வராமலிருப்பது நன்றி கெட்டதனம் ஆகாது. கற்பிப்பவனுடைய கணக்கு வேறு வகை. அவன் கொடுத்தது மாணவனுக்குள்ளேயே தங்கி வளர்கிறது. மாணவனுக்கு இனி ஆசிரியர் தேவையில்லை என்ற நாள்தான் ஆசிரியர் தம் வேலையை முடித்த நாள். அந்த நாளுக்காக வருந்துகிற ஆசிரியர், தாம் இத்தனை நாளும் செய்த வேலை எது என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டும் கௌரவமான தொழில்களே. துன்பம் எங்கே வருகிறது என்றால், விற்பவனுக்குக் கிடைக்கும் பணத்தையும் கற்பிப்பவனுக்குக் கிடைக்கும் பக்தியையும் ஒரே கையில் வாங்க ஆசைப்படும்போது வருகிறது. கம்பெனிக்காக என் நண்பர் கேட்டது அந்த இரண்டாவது கூலியை. கம்பெனியோ, பாவம், அதைக் கேட்கவே இல்லை! லாபம் குறைந்த வியாபாரம் என்று கண்டதை எல்லாம் தானாகவே விற்றுவிட்டுப் போயிற்று.

இங்கே கம்பெனியின் பங்கையும் நாம் பார்க்க வேண்டும். 1964-இல், 'சிஸ்டம் 360' என்ற ஒரே குடும்பத்து யந்திரங்களுக்காகத் தன் எதிர்காலத்தையே பணயம் வைத்த கம்பெனி அது. அன்று அதைத் தள்ளிவிட ஒருவராலும் முடியவில்லை. 1981-இல் தன் முதல் சொந்தக் கம்ப்யூட்டரை அவசரமாக வெளியிட வேண்டியிருந்தபோது, அதன் மூளையை இண்டெலிடமும் அதை நடத்தும் சூத்திரத்தை மைக்ரோஸாஃப்டிடமும் வெளியிலிருந்து வாங்கிப் பூட்டியது. உயிர்நிலை இரண்டும் கடையில் கிடைக்கும் சரக்கானால், யார் வேண்டுமானாலும் அதே யந்திரத்தைச் செய்யலாம் அல்லவா? செய்தார்கள். விலை சரிந்தது, லாபம் கரைந்தது, பிறகு அந்த வியாபாரமே பாரமாகிவிட்டது. கணக்குப் பிள்ளையின் நோக்கில் அதை விற்றது புத்திசாலித்தனம். கம்பெனி இன்றும் செழிப்பாகவே இருக்கிறது. பெரிய வங்கிகளுக்கான ராட்சத யந்திரங்களைச் செய்கிறது. குவாண்டம் யந்திரங்களில் முன்வரிசையில் நிற்கிறது. ஆனால் ஒரு தேசத்து இளைஞன் தன் மடியில் வைத்து வேலை செய்யும் பொருளை இனி நீ செய்வதில்லை என்றால், அவன் மனத்திலும் உனக்கு இடம் குறைந்துதானே போகும்? லாபம் இல்லாத இடத்தை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தவன், கடைசியில் "எனக்கு ஏன் இடமில்லை?" என்று கேட்க முடியாது.

"விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால்?" என்று கேட்டார் நண்பர். அதையும் செய்து பார்த்தார்கள். 2015-இல், சீனாவின் பெரிய கணிப்பொறிகளுக்கு இண்டெல் சில்லுகளை விற்கக் கூடாது என்று அமெரிக்க அரசு தடை போட்டது. 2016-இல் வூசி நகரத்தில் சீனா தன் சொந்தச் சில்லுகளாலேயே ஒரு கணிப்பொறியை நிறுவியது. உலகத்திலேயே வேகமான கணிப்பொறி என்ற பெயரை அது இரண்டு ஆண்டு வைத்திருந்தது. 2018-இல் அந்தப் பெயரைப் பறித்தது ஐ.பி.எம். செய்த யந்திரம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2019-இல் ஹுவாவேக்கு அமெரிக்கச் சரக்கு விற்பதற்குத் தடை வந்தது. 2023 ஆகஸ்டில், சீனாவிலேயே செய்த சில்லோடு ஹுவாவே ஒரு புதிய தொலைபேசியை வெளியிட்டது. கடை மூடியிருப்பதைக் கண்டவன் வீட்டிலேயே அடுப்பு மூட்டிக்கொள்கிறான். முதல் நாள் சோறு குழையும். பிறகு பதம் கைவந்துவிடும்.

இதையெல்லாம் சொல்வதால் நான் சீனாவுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைத்துவிட வேண்டாம். உயர்ந்துவிட்ட மாணவன் முன்பும் அதே கேள்வி வந்து நிற்கிறது. 2023-இல் சீனா, சில்லுகளுக்கு வேண்டிய காலியம், ஜெர்மானியம் என்ற உலோகங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதே ஆண்டு டிசம்பரில், அரிய மண் உலோகங்களைப் பிரித்தெடுக்கும் தொழில்நுட்பத்தை வெளிநாட்டுக்குக் கொடுப்பதற்குத் தடை போட்டது. நேற்று தனக்கு மூடப்பட்ட கதவின் எதிரே நின்று வருந்தியவன், இன்று தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறான். அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறவனும் ஒரு நாள் அடுப்பு மூட்டக் கற்றுக்கொள்வான். செல்வாக்கு என்பது எந்த வீட்டிலும் நிரந்தரமாகக் குடியிருந்ததாகச் சரித்திரம் இல்லை.

அந்தப் பெண் சற்றுத் தயங்கிவிட்டு, "அந்த வேலையில் கொஞ்சம் நம் ஊர்ப் பக்கம் வரும் என்று பேசிக்கொள்கிறார்கள், மாமா" என்றாள். அவள் குரலில் சந்தோஷம் இருந்தது; அதைக் காட்டிக்கொள்ளக் கூடாதே என்ற கூச்சமும் இருந்தது. எனக்கு அந்தக் கூச்சம் பிடித்திருந்தது. ஏனென்றால் இந்தக் கதையில் உண்மையாகவே அழ வேண்டியவர்கள் யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கம்பெனி அழாது, அதற்குக் கண் கிடையாது. தேசமும் அழாது. அழுகிறவர்கள் அந்த ஆயிரம் பேர். அவர்கள் சீனர்கள், அமெரிக்கக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். பெற்றோர் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட வேலை. ஒரு நாள் காலை கூட்டம் என்று அழைத்து, சில நிமிஷங்களில் விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டார்கள். யந்திரம் விற்றவன் பணத்தை எண்ணிக்கொண்டான். யந்திரம் வாங்கியவன் தொழிலைக் கற்றுக்கொண்டான். நடுவே நின்று தொழிலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொடுத்த இவர்களுக்கு, இரண்டு பக்கத்திலும் இடமில்லை. நன்றி என்று ஒன்று உலகத்தில் யாருக்காவது கடன்பட்டிருந்தால் அது இவர்களுக்குத்தான். ஷென்ஷெனில் ஆண்டுக்கணக்காகத் தங்கிக் கற்றுக்கொடுத்த அந்த ஆலோசகர்களுக்குத்தான். கம்பெனியின் பெயரால் நடந்தது வியாபாரம். ஆனால் ஒரு மனிதன் இன்னொரு மனிதன் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்படி இல்லை, இப்படிச் செய்" என்று சொன்னபோது, அந்த நிமிஷத்தில் நடந்தது வியாபாரம் இல்லை. அந்த நிமிஷத்துக்கு விலைச்சீட்டில் இடமே கிடையாது.

நண்பரிடம் ஒன்று கேட்டேன். "உங்களிடம் தொழில் கற்றுக்கொண்டவர்கள் உண்டா?"

"ஏன் இல்லை? ஒரு பையன் இருந்தான். அச்சடிக்கும் யந்திரத்தில் எழுத்துகள் கோத்த சங்கிலி ஒன்று ஓடும். கொஞ்சம் தளர்ந்தாலும் எழுத்து சரியாக விழாது. அதைச் சரிக்கட்ட அவனுக்குக் கற்றுக்கொடுத்தேன். ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்திருப்போம். பிறகு அவன் எனக்கே மேலதிகாரியாக வந்தான்."

"வருத்தமாக இருந்ததா?"

"வருத்தமா? எதற்கு?" என்று உண்மையாகவே புரியாமல் கேட்டார். "நான் ரிடையர் ஆகிற நாளில் எனக்கு இருந்த ஒரே கவலை, அந்தச் சங்கிலி விஷயத்தை அவன் அடுத்தவனுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்தானா என்பதுதான்."

அவருடைய தங்கை பெண் சிரித்துவிட்டாள். அவருக்கு ஏன் என்று தெரியவில்லை. கம்பெனிக்காகத் தாம் கேட்ட நியாயத்தைத் தமக்காக அவர் ஒரு நாளும் கேட்டதில்லை என்பது அவருக்குத் தோன்றவேயில்லை.

எனக்குத்தான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் செய்தது என்ன? கற்பித்தேன் என்றுதான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த இளைஞர் என் எதிரே தரையில் உட்கார்ந்து கேட்கும்போது எனக்குள் ஓர் இனிப்பு ஊறுமே, அதை நான் வாரந்தோறும் வசூலித்துக்கொண்டுதானே இருந்தேன்? கூலியை அன்றன்றைக்கே வாங்கிவிட்டு, இருபது ஆண்டு கழித்து நன்றி என்று இன்னொரு பட்டியல் அனுப்பினால் அது எந்தக் கணக்கில் சேரும்? அவர் வராமல் போனது தப்பில்லை என்று இப்போதும் நான் முழு மனத்தோடு சொல்லமாட்டேன்; ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அது அவருடைய கணக்கு. என் கணக்கில் பாக்கி ஒன்றும் இல்லை.

மறுவாரம் கடைக்குப் போய் அந்த நாவலை வாங்கி வந்தேன். முதல் பக்கத்திலேயே ஒரு சாவு! யாரென்று தெரியாத ஒரு கிழவி செத்துக் கிடக்கிறாள். தெருவே அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிறது. நான் கூடாது என்று பத்து முறையாவது சொன்ன தொடக்கம். "பார்த்தாயா, சொன்னதைக் கேட்கவில்லை" என்று சொல்லிக்கொண்டே படித்தேன். முப்பதாவது பக்கம் வருவதற்குள் அந்தக் கிழவிக்காக என் கண் கலங்கிவிட்டது. அவளை யாருக்கும் தெரியாது என்பதுதான் அந்தக் கதையே. என் பாடத்தை அவர் மறக்கவில்லை. அதைத் தாண்டி எங்கே போகலாம் என்று கண்டுபிடித்திருக்கிறார். அந்த இடம் எனக்குத் தெரியாத இடம்.

அன்று இரவே அந்தக் கறுப்பு யந்திரத்தில் அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். முதல் அத்தியாயத்தைப் பற்றி மட்டும் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. பதிலை எதிர்பார்க்காமல் எழுதினேன் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். எதிர்பார்க்கத்தான் செய்கிறேன். பதில் வராவிட்டாலும் அவருடைய அடுத்த நாவலை வாங்கிப் படிப்பேன்.